நட்சத்திரம் தெரியாத துவான்

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் உங்கள் பூட்ஸைக் குனிந்து பாருங்கள். அதைக் கண்ணாடி போல மினுக்கப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சாவு வீட்டு வாசலில் அதை எப்படிக் கழற்றுவது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மலாய்க்காரர் வீடோ சீனர் வீடோ நம்மவர் வீடோ, இந்த ஊரில் காலணியோடு உள்ளே போக முடியாது. என் தொப்பைக்கும் பூட்ஸ் கயிற்றுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நான் குனிந்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்து, மறுபடி குனிவதற்குள் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த வீடுகள் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீட்டில் இறந்தவரின் மருமகனே வந்து எனக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மறுநாளே பக்கவாட்டில் ஜிப் வைத்த பூட்ஸ் வாங்கினேன். என் காவல்துறை வாழ்க்கையில் நான் கொண்டுவந்த ஒரே சீர்திருத்தம் அதுதான்.

போலீஸ் என்றால் கொலை, துப்பாக்கி, துரத்தல் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் நீங்கள் பார்க்கப்போகும் பிணங்களில் பெரும்பாலானவை யாரும் கொல்லாதவை. தூக்கத்தில் போனவர், குளியலறையில் சரிந்தவர், டிவி பார்த்தபடியே அடங்கியவர். வீட்டில் நடந்த சாவு என்பதால் நாம் போய்ப் பார்த்து, சந்தேகம் இல்லை என்று சொன்னால்தான் அடக்கமோ தகனமோ செய்ய முடியும். அந்த வீட்டுக்குள் முதலில் நுழையும் அந்நியன் நீங்கள்தான். குற்றவாளியைப் பிடிக்க ஒரு கூட்டமே உங்களோடு வரும். இங்கே நீங்களும் உங்கள் காலுறையும் மட்டும்தான். ஓட்டை இல்லாத காலுறையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சீனர் வீட்டுச் சாவில் விடைபெறும்போது 'மறுபடியும் சந்திப்போம்' என்று சொல்லாதீர்கள். நான் ஒருமுறை மரியாதையாகக் கைகுலுக்கி, புன்னகையோடு அதைச் சொன்னேன். அந்த வீட்டில் மறுபடி சந்திப்பதென்றால் இன்னொருவர் சாக வேண்டும் என்பது லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. பேசாமல் கிளம்பிவிடுவதுதான் அங்கே மரியாதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், கிள்ளான் பக்கம் ஒரு நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தேன். இந்தியர் வீட்டில் சாவு என்று போன் வந்தால் எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். அவர் தமிழர், அவருக்கு எல்லாம் தெரியும், அவரை அனுப்பு. எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. நான் செந்தூலில் பிறந்து வளர்ந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவன். ஞானப்பாட்டுகள் மனப்பாடம். ஆனால் இந்து வீட்டில் பிணத்தின் தலையை எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்று கேட்டால், பாக்கெட்டில் எதையோ தேடுவதுபோல் நடிப்பேன்.

இருந்தாலும் சமாளித்துவிடுவேன். அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். உள்ளே போனதும் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒன்றும் பேசாமல் நிற்பது. பேசாத போலீஸ்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று மக்கள் நம்புவார்கள். நிலையத்திலும் அப்படியே நம்பினார்கள். கொஞ்ச காலத்தில் நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஆபத்து அங்கேதான் இருந்தது.

ஒருநாள் மாலை நிலையத்தில் போனை நானே எடுத்தேன். பண்டமாரானில் ஒரு பிளாட். பேசியவர் பெயர் சரவணன். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அப்பா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார், படுத்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டார் போலிருக்கிறது, மனைவி கூப்பிட்டதால் வேலையிலிருந்து ஓடி வந்தேன், பக்கத்து கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொன்னார் என்றார். குரல் உடைந்திருந்தாலும் செய்தி தெளிவாக இருந்தது.

என்னோடு ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்தாள். சரவாக்கிலிருந்து வந்த இபான் பழங்குடிப் பெண். இங்கே மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. போகும் வழியெல்லாம் இந்தியர் வீட்டுச் சாவு எப்படி இருக்கும் என்று அவளுக்கு நான் வகுப்பு எடுத்தேன். அந்த வகுப்பில் பாதி என் சொந்தக் கற்பனை.

ஜிப்பை இழுத்து பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பெரியவரை ஹாலுக்குக் கொண்டுவரவில்லை, படுத்த கட்டிலிலேயே இருந்தார். தலைமாட்டில் விளக்கு. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. இதயத்துக்கான மாத்திரைகள், பக்கத்திலேயே கிளினிக் அட்டை. டாக்டரைப் போனில் பிடித்தேன். தான் வந்து பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் போயிருக்க வேண்டும், அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்றார். நேரான, சாதாரணமான சாவு. ஒரு கையெழுத்தில் முடிய வேண்டியது.

ஹாலில் சரவணனும் அவர் மனைவி தேவியும் நின்றார்கள். தேவி நிறைமாதம். எனக்குப் பின்னால் ஜன்னல் ஓர நாற்காலியில் சரவணனின் அத்தை உட்கார்ந்திருந்தார். இறந்தவருக்கு அக்கா. பக்கத்து பிளாக்கிலிருந்து, செய்தி கேட்டபிறகு வந்தவர். அழாமல், கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அப்பாவிடம் யார் பேசியது என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"மூணரை மணிக்குக்கூட தண்ணி கேட்டாருண்ணே. நல்லாத்தான் பேசினாரு" என்றார் சரவணன்.

"யாருகிட்ட?"

"எங்கிட்டதாண்ணே."

"நீ அப்ப எங்க இருந்தே?"

"போர்ட்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. தேவி அவசரமாக, இல்லை, என்னிடம்தான் கேட்டார் என்றாள். தண்ணீர் கொடுத்தாயா என்றேன். கொடுத்தேன் என்றாள். எந்த டம்ளரில் என்றேன். டம்ளரில்தான் என்றாள்.

இரண்டு மணி நேரம் முன்னால் இவரே என்னிடம், படுத்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். இப்போது செத்தவர் மூன்றரை மணிக்கு தண்ணீர் கேட்கிறார். அதுவும் துறைமுகத்தில் இருந்த மகனிடம். என் மூளைக்குள் ஒரு சினிமா ஓட ஆரம்பித்தது. சொத்து, இன்ஷுரன்ஸ், தண்ணீரில் ஏதோ கலந்து கொடுத்தது. கட்டிலுக்கு அருகே ஒரு டம்ளர் மூடி வைத்திருந்ததைப் பார்த்தேன். மூடியை எடுத்துவிட்டு மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய், பழுத்த துப்பறிவாளனைப்போல ஆழமாக மோந்தேன். உள்ளே பெரியவரின் பல் செட் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதற்கும் என் சந்தேகம் அடங்கவில்லை. வாக்குமூலம் மாறுகிறது, காரணம் தெரியவில்லை என்றால் உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். அதை நான் சொன்னதும் சரவணன் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அப்பாவ அறுக்காதீங்கண்ணே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அப்படிக் கேட்டதுதான் இன்றுவரை காதில் இருக்கிறது.

போன் எடுத்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்கு வந்தேன். அந்தக் கான்ஸ்டபிளும் பின்னால் வந்தாள். ஒன்று கேட்கலாமா துவான், அதாவது ஐயா, என்று மலாயில் கேட்டாள். கேள் என்றேன், பெரிய மனசு பண்ணி.

"அவங்க பேசறது எனக்குப் புரியலை. அதனால கண்ணை மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க கேக்கற கேள்விக்கு அவங்க உங்களுக்குப் பதில் சொல்லலை துவான். உங்க தோளுக்கு மேலே பார்த்து, பின்னாடி உக்காந்திருக்கற ஆன்டிக்குச் சொல்றாங்க."

நான் திரும்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். உண்மைதான். நாங்கள் வெளியே வந்த பிறகும் இருவர் பார்வையும் அந்த நாற்காலியிலேயே இருந்தது. அத்தை போனில் எதையோ விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். போலீஸுக்கு பயந்தவன் போலீஸைப் பார்ப்பான். இவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. இவ்வளவு நேரமும் நான் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. யாரோ யாருக்கோ பேசுவதற்கு நடுவில் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஏன்னு கேக்கலாமே துவான்" என்றாள். "பல குடும்பம் ஒண்ணா இருக்கற எங்க நீண்ட வீட்டிலயும் ஒருத்தர் செத்தா, செத்தவங்களைவிட இருக்கறவங்களுக்குத்தான் சட்டம் ஜாஸ்தி."

ஏன் என்று கேட்பது. எவ்வளவு சுலபமான காரியம். எல்லாம் தெரிந்தவனுக்கு மட்டும் அது தோன்றாது. தமிழ் தெரிந்த நான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன், தமிழ் தெரியாத அவள் முகத்தைப் பார்த்தாள்.

தேவியை சமையலறைக்கு அழைத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். நேரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உனக்கு என்னம்மா பயம் என்று மட்டும் கேட்டேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவள் சொன்னது எல்லாமே எனக்குப் புதிது. சில நட்சத்திரங்களில் சாவு நடந்தால் அதற்கு அடைப்பு என்று பெயராம். அந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பது நம்பிக்கை. அன்றைக்கு மூன்று மணி தாண்டும்வரை ரேவதி, அடைப்பு உள்ள நட்சத்திரம். அதற்குப் பிறகு அஸ்வினி, அடைப்பு இல்லை. என்னிடம் போனில் பேசியபோது சரவணனுக்கு இது தெரியாது. அத்தை வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பெரியவருக்கு மூன்றரை மணிக்குத் தாகம் எடுத்திருக்கிறது.

"இது வாடகை வீடு அங்கிள். அடுத்த மாசம் பிள்ளை பொறக்கப் போவுது. ஆறு மாசம் பூட்டிட்டு நாங்க எங்க போறது? பிள்ளையை எங்க கொண்டுபோறது?" என்றாள் தேவி.

நடந்தது என்னவென்றால், மாமனாருக்குச் சோறு போட்டுவிட்டு அவளும் அசந்து தூங்கிவிட்டாள். எழுந்து டீ போட்டுக் கொண்டுபோய்ப் பார்த்தபோது மணி நான்கு. அவர் போயிருந்தார். எப்போது போனார் என்று அவளுக்குத் தெரியாது.

நான் சமையலறையை விட்டு வெளியே வந்ததும் சரவணன் பிடித்துக்கொண்டார். மனைவி சொல்லிவிட்டாள் என்று முகத்திலேயே புரிந்துவிட்டது. சடங்கு செய்ய வரும் பண்டாரமும் அத்தையும் போலீஸ் சொல்லும் நேரத்தைத்தான் நம்புவார்களாம்.

"மூணரைன்னு எழுதிடுங்கண்ணே. உங்களுக்கு அது ஒரு வார்த்தை. எங்களுக்கு வீடு."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. சந்தேகமில்லாத சாவு. காவல்துறைக்கு ரேவதியும் அஸ்வினியும் ஒன்றுதான். ஒரு பேனாக் கோட்டில் மூன்று பேரையும் சந்தோஷப்படுத்தி, நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். உங்களுக்கும் இப்படி ஒரு மாலை வரும். கேட்பவர் கெட்டவராக இருக்க மாட்டார், கேட்பதும் பெரிதாகத் தெரியாது.

நான் யோசித்தது சட்டத்தை மட்டும் அல்ல. அந்தப் பிள்ளையைப் பற்றியும் யோசித்தேன். பிறந்து சில மாதத்தில் அதற்கு ஒரு காய்ச்சல் வரும். எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். அன்றைக்கு இந்த இரண்டு பேரும் தெர்மாமீட்டரைப் பார்க்க மாட்டார்கள், இந்தப் பொய்யைத்தான் பார்ப்பார்கள். நான் மூன்றரை என்று எழுதினால் வீடு திறந்திருக்கும். அவர்களால் அதில் நிம்மதியாக இருக்க முடியாது.

பொய்யை எழுத மாட்டேன், ஆனால் உங்கள் அத்தையிடம் பேசலாம், வாருங்கள் என்றேன். தேவியும் வந்தாள். அத்தைக்கு எதிரே, இந்தத் தடவை யாரையும் மறைக்காமல், தரையில் உட்கார்ந்தேன். நான் தரையில் உட்கார்வதும் பூட்ஸ் கழற்றுவதைப் போலவே ஒரு காட்சி, அதை விட்டுவிடலாம். தேவி அவளாகவே உண்மையைச் சொன்னாள். மாமா தண்ணீர் கேட்கவில்லை அத்தை, நான் தூங்கிவிட்டேன் என்றாள்.

அத்தைக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"நான் இவங்களை விரட்டணும்னு சொல்றேனா? என் வீட்டுக்காரர் போனப்ப யாரும் நட்சத்திரம் பார்க்கல. ஆறு மாசத்துல என் மகன்..." அங்கே நிறுத்திவிட்டு தேவியின் வயிற்றைப் பார்த்தார். "எனக்கு இந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். அவ்ளோதான்லா."

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வீட்டைப் பூட்டச் சொன்னவரும் பூட்ட மாட்டேன் என்றவர்களும் ஒரே பிள்ளைக்காகத்தான் பயந்தார்கள்.

"நீங்க எத்தனையோ சாவு பார்த்திருப்பீங்க. நம்ம ஆளு வேற. நீங்களே சொல்லுங்க, என் தம்பி எப்ப போனான்?"

என் பழைய முறைப்படி கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மௌனமாக இருந்திருக்கலாம். கட்டினேன்கூட. பிறகு அவிழ்த்துவிட்டேன்.

"தெரியாது ஆன்டி. டாக்டருக்கும் தெரியல. யாரும் பார்க்காத சாவுக்கு நாங்க செத்த நேரம்னு எதையும் எழுதறதில்ல. வீட்டு ஆளுங்க பார்த்த நேரத்தைத்தான் எழுதுவோம். தேவி டீ கொண்டுபோய் பார்த்த நேரம், அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப நட்சத்திரம்?"

"நான் மெதடிஸ்ட் ஆன்டி. எனக்குத் தெரிஞ்சது கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒண்ணுதான்."

முதலில் தேவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். அழவும் செய்தார். வந்ததிலிருந்து அதுவரை அழாதவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தம்பி கிடந்த அறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருக்கும் சொல்லாம போயிட்டான். எப்பவும் அப்படித்தான் போவான், சொல்லாம" என்றார். பிறகு தேவியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீ போய் பார்க்கற வரைக்கும் இந்த வீட்டுக்கு அவன் இருந்தான்மா. நீ பார்த்தப்பதான் போனான். அது அஸ்வினி."

போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தார். பண்டாரத்திடம் தாமே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

அது சரியான கணக்கா என்று என்னிடம் கேட்காதீர்கள். சாஸ்திரம் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்றும் தெரியாது. முடிவு அவருடையது, உண்மையை வைத்துக்கொண்டு எடுத்த முடிவு. நான் என் மேலதிகாரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், சந்தேகம் இல்லை என்றேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர், நான்கு மணிக்கு மருமகளால் காணப்பட்டார். அவ்வளவுதான் எழுதினேன். மறுநாள் காலை தகனம். பெரியவர் முழுதாகப் போனார்.

திரும்பும் வழியில் நான் வகுப்பு எடுக்கவில்லை. அந்தக் கான்ஸ்டபிளிடம் அவள் ஊர்ச் சாவு வழக்கங்களைக் கேட்டேன். நிலையம் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்வதில் இவ்வளவு வசதி இருப்பது தெரிந்திருந்தால், சப் இன்ஸ்பெக்டர் ஆவதற்கு முன்பே சொல்லியிருப்பேன்.

ஒன்பது பத்து மாதம் கழித்து ஒரு காலை நேரம். நிலையத்தில் போன் அடித்தது. அந்தக் கான்ஸ்டபிள்தான் எடுத்தாள். மலாயில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: பண்டமாரான் அத்தை பேசுகிறார். பேத்தி நன்றாக இருக்கிறாளாம், தவழ ஆரம்பித்துவிட்டாளாம். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டாராம், பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்களாம்.

சீனர் வீடு என்றால் சீன அதிகாரியை அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். அவர் பெயரைச் சொல்லி, அவரை அனுப்புவதாகச் சொல் என்றேன்.

"வேண்டாமாம் துவான்" என்றாள். "அந்த நட்சத்திரம் தெரியாத துவானையே அனுப்பச் சொல்றாங்க."

நான் பூட்ஸ் ஜிப்பை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.